"அண்ணா, ஏரியில பறவையே இல்லையே?": குளிர்காலப் பறவை பார்க்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செங்கல்பட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு ஏரிக்கரையில் நடப்பது என் வழக்கம். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்களில் மட்டும் நான் கொஞ்சம் அதிகம் பேசியிருக்கிறேன்.

டிசம்பர் வந்துடுச்சு, மழையும் நல்லா பெஞ்சிருக்கு. ஆனா ஏரியில ஒரு வாத்துகூட காணோம். இந்த வருஷம் பறவை வரலையா அண்ணா?

வந்திருக்கின்றன. ஏரி நிரம்பியதுதான் காரணம்.

கொசு உள்ளான் என்ற குட்டிக் கரையோரப் பறவையின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நிரம்பி, கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) பாயும் ஏரியில் அது எங்கே நிற்கும்? அதற்கு வேண்டியது காலை நனைக்கும் அளவு தண்ணீரும் சேறும்தான். ஊசிவால் வாத்து மாதிரியானவை தலைகீழாகக் கவிழ்ந்து, வால் மேலே நிற்க, அடிச்சேற்றைத் துழாவித் தின்பவை. கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றுக்கு மேசை. ஆள் ஆழத் தண்ணீர் நிற்கும் ஏரியில் அவற்றுக்குச் சாப்பாடு எட்டாது.

மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் ஏரியில் மட்டுமா தண்ணீர் நிற்கிறது? தாங்கல், குட்டை, சம்பா வயல், பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனை என்று எங்கும் நிற்கிறது. பறவைகள் அத்தனை இடத்துக்கும் சிதறிவிடும். தை பாதியில் தண்ணீர் இறங்கி ஏரியோரம் சேறு தெரிய ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கூடும். எங்கள் பக்கத்தில் வாத்தும் உள்ளானும் பார்க்க ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் நல்ல காலம் என்பது என் அனுபவம். மழை பொய்த்த வருஷத்தில் இந்தக் கணக்கே மாறும். டிசம்பரிலேயே கூட்டம் கூடி, பிப்ரவரிக்குள் ஏரி காய்ந்து கலைந்துவிடும்.

அதனால் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். மதகுப் படிக்கட்டில் எத்தனை படி தெரிகிறது என்று வாராவாரம் குறித்து வைக்கச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள். ஒரு சீசன் முடிந்ததும் அந்தப் படிக்கணக்கையும் பறவைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவர்களே வந்து காட்டுவார்கள்.

அப்ப ஏரி நிறைஞ்சிருக்கும்போது என்னதான் பாக்கிறது?

ஏரிக்கு முதுகைக் காட்டி, கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயலைப் பாருங்கள். நாற்று நட்ட வயலில் பொறி உள்ளானும் மஞ்சள் வாலாட்டியும் இருக்கும், வரப்பில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்திருக்கும், மேலே சேற்றுப் பூனைப்பருந்து தாழ்ந்து வட்டமடிக்கும். ஆழத் தண்ணீரில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு ஏரி நிறைந்தால் கொண்டாட்டம்.

"சைபீரியா, ஆஸ்திரேலியாவில் இருந்து வேடந்தாங்கலுக்கு வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்துத் திரும்பும் பறவைகள்"னு பேப்பர்ல போடுறாங்களே, உண்மையா?

வருஷா வருஷம் இந்தச் செய்தி வரும், வருஷா வருஷம் எனக்குத் தலைவலியும் வரும். இரண்டு கூட்டத்தை ஒன்றாகக் குழப்பியதால் வந்த வினை இது.

வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன் எல்லாமே இந்தத் துணைக்கண்டத்துப் பறவைகள். எங்கே தண்ணீரும் மீனும் உண்டோ அங்கே நகர்ந்துபோய்க் கூடு கட்டும். வடகிழக்குப் பருவமழை நம் ஏரிகளைக் கார்த்திகையில் நிரப்புகிறது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனையும் கீரியும் ஏற முடியாது, குஞ்சுக்கு மீனுக்கும் தட்டுப்பாடு வராது. அவை இந்தக் காலத்தில் இங்கே கூடுவதற்குக் காரணம் இதுதான்.

உண்மையிலேயே தூரதேசத்தில் இருந்து வருகிறவை ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான் வகைகள், வாலாட்டிகள். இவை இங்கே தின்று, உறங்கி, உடம்பைத் தேற்றிக்கொண்டு போகும். கூடு கட்டுவதெல்லாம் வடக்கே, அவற்றின் சொந்த ஊரில்தான். குறுக்குவழி ஒன்று சொல்கிறேன்: மார்கழியில் நம் ஏரி மரத்தில் கூட்டில் குஞ்சோடு ஒரு நீர்ப்பறவையைப் பார்த்தால் அது சைபீரியாக்காரன் இல்லை.

வேடந்தாங்கலைப் பற்றி ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

நம்ம ஊர்ல குளிரே இல்லையே. அப்புறம் ஏன் "குளிர்கால" வலசைன்னு சொல்றோம்?

குளிர் அவற்றின் ஊரில். மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் ஏரி உறைந்து, பூச்சி செத்து, சாப்பாடு இல்லாமல் போவதால் கிளம்புகின்றன. இருபது டிகிரிக்கு இரண்டு ஸ்வெட்டர் போடும் சென்னைக்காரர்களைப் பார்த்தால் அவை சிரிக்கும். அவை வரும் வழிக்கு மத்திய ஆசிய வலசைப் பாதை என்று பெயர், 30 நாடுகளைத் தொட்டுப் போகிறது. திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் இமயமலையையே தாண்டி வருபவை. ஏழாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே அவை பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

எந்த மாசத்துல எது வரும்?

ஆடி முடிந்ததுமே உள்ளான்கள் வந்துவிடும், அப்போது பாதிப்பேர் கவனிப்பதில்லை. ஆவணி, புரட்டாசியில் சாம்பல் வாலாட்டியும் தகைவிலானும் வரும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலானைக் கண்டதும் சீசன் தொடங்கியது என்று நான் எழுதிக்கொள்வேன். செப்டம்பர் கடைசியில் தலைக்கு மேலே நீலவால் பஞ்சுருட்டான் கூட்டம் குரல் கொடுத்துக்கொண்டே போகும். ஐப்பசியில் புதருக்குள் யாரோ நாக்கைத் தட்டுவது போல "டக்... டக்" என்று கேட்டால் நாணல் கதிர்க்குருவி வந்தாயிற்று. அதைப் பார்க்க முயன்று கழுத்து வலி வாங்காதீர்கள், குரலையே எழுதிக்கொள்ளுங்கள். வாத்துகள் நவம்பருக்கு மேல்.

சூறைக்குருவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அடையும் இடத்துக்கு மேலே ஆயிரக்கணக்கில் திரண்டு, புகை மாதிரி சுருண்டு விரியும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் குழுவில் ஒருவரும் எண்ணவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அன்றைய நோட்டில் எண்ணிக்கை இடத்தில் "நிறைய" என்று இருக்கிறது.

வீட்டுக்குள்ள கலர் கலரா ஒரு குருவி வந்து சுவத்துல மோதி விழுந்துடுச்சு. என்ன பண்ணணும்?

அக்டோபரில் இந்தக் கேள்வி வந்தால் பறவையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகு, தோளில் பளிச்சென்று நீலம், வாலடியில் சிவப்பு, கட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும். விடியும்போது களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து வீட்டுக்குள்ளும் மாடிப்படிக்கும் வந்துவிடும்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை விடிகாலையில் கதவைத் தட்டினார். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஒன்று இறக்கையை விரித்துப் போட்டுக் கிடந்தது. அத்தை அதற்குள் ஸ்பூனில் குளுக்கோஸ் கலக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஸ்பூனை வாங்கி வைப்பதுதான் முதல் உதவி. பறவையின் வாயில் நாம் தண்ணீர் விட்டால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் பறவை செத்துப்போகலாம்.

மெல்லிய துணியைப் போட்டு எடுத்து, காற்றுக்கு ஓட்டை போட்ட செருப்பு அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினோம். பூனை எட்டாத, சத்தமில்லாத இடத்தில் வைத்தோம். இருட்டுதான் மருந்து. அரைமணிக்கொரு தரம் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். அத்தையால் முடியவில்லை, நான்தான் பெட்டிக்குக் காவல். இரண்டு மணி நேரத்தில் உள்ளே இருந்து சறுக் சறுக்கென்று சத்தம். பின்பக்க வேலியோரம் இலைச்சருகு கிடந்த இடத்தில் பெட்டியைச் சாய்த்துத் திறந்தோம். ஒரு கணம் நின்றது, தத்தித் தத்திப் போய் நொச்சிப் புதருக்குள் மறைந்தது. மார்ச் வரைக்கும் அந்தப் புதரில் இருந்து ஆறு மணி விசில் கேட்டது. அதே பறவைதானா என்று சத்தியம் செய்ய மாட்டேன், அத்தை செய்வார்.

இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க நினைக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

புயல் வந்தா அபூர்வப் பறவை வரும்னு சொல்றாங்களே, போய்ப் பாக்கலாமா?

வரும் என்பது சரி. ஆழ்கடலிலேயே வாழும் ஆலாக்களும் ஃபிரிகேட் பறவைகளும் புயல்காற்றில் அடித்து வரப்பட்டு, கரைக்கும், சில சமயம் உள்நாட்டு ஏரிக்கும் வந்து சேரும். ஆனால் புயல் நடக்கும்போது போகலாமா என்றால் கூடவே கூடாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா கரையைக் கடந்த அன்று சென்னையில் மரங்கள் விழுந்த விதத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். காற்றும் மழையும் ஓய்ந்து, எச்சரிக்கை விலக்கப்பட்ட மறுநாள் போனாலே போதும். ஒதுங்கிய கடற்பறவை சோர்ந்துபோய் இருக்கும், அவசரமாகக் கிளம்பாது.

கரையில் அப்படிக் கிடப்பதைக் கண்டால் "பாவம், கடல்ல விட்டுடலாம்" என்று அலையில் தூக்கிப் போடாதீர்கள். இறகு நனைந்திருந்தால் மூழ்கிவிடும். மேலே சொன்ன அட்டைப்பெட்டி வைத்தியம்தான் இதற்கும், பெட்டி மட்டும் பெரிதாக வேண்டும். அலகு கூர், முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள்.

மழை வருமா வராதான்னு பாக்க எந்த ஆப் நல்லது?

முதலில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கை. மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டுத் தருகிறார்கள். அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6-ல் இருந்து மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. நம் குழுவின் விதி எளிது: ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் நடை ரத்து. கரை வழுக்கும், கலங்கல் ஓரம் மண் அரித்திருக்கும், பாம்புகள் மேட்டுக்கு ஏறியிருக்கும். ஒரு உள்ளானுக்காக இதெல்லாம் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் சென்னை, காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். மேகக்கூட்டம் கடலில் இருந்து நம்மை நோக்கி நகர்கிறதா என்று அடுத்தடுத்த படங்களில் தெரிந்துவிடும். காற்றின் திசைக்கு விண்டி ஆப் நல்லது. காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வாடை வீசினால் வானம் தெளிந்து பனி விழும், கொண்டல் (கீழ்க்காற்று) வீசினால் குடையை எடுக்கலாம். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதை ஆப் இல்லாமலே சொல்லிவிடுவார்கள், எங்கள் குழுவில் கோவளத்துப் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் சொன்னால் நான் ரேடார் பார்ப்பதில்லை.

இடி கேட்டால் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். வெட்டவெளிக் கரையிலும் நிற்காமல் வீடோ காரோ தேடிப் போங்கள்.

"தட்டான் தாழப் பறந்தால் மழை"ன்னு பாட்டி சொல்வாங்க. பறவைக்கும் மழை வரது தெரியுமா?

காற்றழுத்தம் குறைவதைப் பறவைகள் உணர்கின்றன. அழுத்தம் இறங்கும்போது பரபரவென்று கூடுதலாக இரை எடுக்கும். பூச்சி தாழப் பறந்தால் தகைவிலானும் தாழ இறங்கும். அதைவிடச் சுவையான காட்சி மழைக்கு அப்புறம். நல்ல மழை விட்ட சாயங்காலம் ஈசல் புறப்படும் இடத்தில் நில்லுங்கள். கரிச்சான், மைனா, பஞ்சுருட்டான், காக்கை, சில சமயம் பருந்துகூட ஒரே பந்திக்கு வந்துவிடும். அரைமணி நேரத்தில் பதினைந்து வகை எழுதியிருக்கிறோம், ஒரு தெருவிளக்குக் கம்பத்தடியில்.

காலைல எத்தனை மணிக்கு வரணும்? பனியில ஒண்ணுமே தெரியல.

மார்கழி, தையில் இங்கே சூரியன் ஆறரைக்குத்தான் எழும். பனிமூட்டம் இருந்தால் ஏழரை வரை காதால் பாருங்கள். பனி விலகும் அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறதே, வெள்ளைத்திரைக்குள் இருந்து நாமக்கோழி ஒவ்வொன்றாகக் கறுப்புப் புள்ளியாக வெளியே வரும். தூங்கி எழுந்து எட்டு மணிக்கு வருபவர்களுக்கு அது கிடைக்காது.

ஒரு சூட்சுமம். நம் பக்கத்து நிலம் மேற்கே இருந்து கிழக்கே சரிகிறது. அதனால் பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கம். காலையில் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில், பறவையின் நிறம் அப்படியே தெரியும். அதே கரையில் சாயங்காலம் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். ஏரி வெட்டியவர்கள் நமக்காக யோசித்துச் செய்யவில்லை, ஆனாலும் நன்றி.

பைனாகுலர் எது வாங்கலாம்? எங்கிட்ட இல்ல, வரலாமா?

வரலாம். முதல் இரண்டு மாதம் இல்லாமல் வருவதே நல்லது என்பேன். பறவை நடக்கும் விதம், வாலை ஆட்டும் விதம், பறக்கும்போது போகும் அலை இதெல்லாம் வெறுங்கண்ணில் பழகினால்தான் மனதில் நிற்கும்.

வாங்குவதென்றால் 8×42. எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால். அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளி உங்கள் கண்ணுக்குள் வருவதால் மார்கழி விடியல் மங்கலிலும் தெளிவாக இருக்கும். பன்னிரண்டு மடங்கு, இருபது மடங்கு என்று பெட்டியில் போட்டு விற்பதை வாங்காதீர்கள், கை நடுங்கும் நடுக்கமும் இருபது மடங்காகத் தெரியும். "50 மடங்கு ஜூம்" என்று திருவிழாக் கடையில் நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் பைனாகுலரைக் கொல்வது தண்ணீரைவிடப் பூசணம். தோலுறைக்குள் ஈரத்தோடு வைத்து பீரோவில் பூட்டினால் மூன்று மாதத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். என் முதல் பைனாகுலர் அப்படித்தான் போனது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு வையுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத்தூசி திருகுக்குள் போய்விடும். ஏசி காரில் இருந்து இறங்கியதும் கண்ணாடி வேர்த்தால் துடைக்காமல் ஐந்து நிமிஷம் விடுங்கள், தானே தெளியும்.

நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். தூறலில் பேனா மை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெர்லின் ஆப்ல சத்தம் கேட்டு பேர் வந்தா, அதை அப்படியே எழுதலாமா?

மெர்லின் இலவசம், நம் பகுதிக்கான தொகுப்பை முன்கூட்டியே இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத ஏரியிலும் வேலை செய்யும். நல்ல ஆள், ஆனால் சத்தியவான் இல்லை. வால்காக்கைக்கு ஏகப்பட்ட குரல். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தி மற்ற பறவைகளை மிரட்டும். இரண்டும் மனிதரையே ஏமாற்றும், ஆப் எம்மாத்திரம்? மெர்லின் ஒரு பெயர் சொன்னால் "அந்தத் திசையில் தேடு" என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தோ காதுக்கு நிச்சயமாகத் தெரிந்தோதான் நோட்டில் ஏற வேண்டும். குரல்களைப் பொறுமையாகக் கேட்டுப் பழக ஸீனோ-கான்டோ என்ற தளம் இருக்கிறது. 2005 முதல் உலகெங்கும் பதிவு செய்த பறவைக் குரல்கள் அதில் இலவசமாகக் கிடைக்கும்.

இ-பேர்ட்ல எப்படிப் போடணும்? கூட்டமா இருந்தா எப்படி எண்றது?

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் இணையதளமான இ-பேர்ட் 2002-ல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் தொடங்கியது. இந்தியாவில் பேர்ட் கவுண்ட் இந்தியா குழு இதை வழிநடத்துகிறது. சின்னப் பிள்ளைகள் அப்பா அம்மா பெயரில் கணக்குத் தொடங்குங்கள்.

கால்மணி நேரம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பார்த்த எல்லாப் பறவையையும் போடுங்கள். கடைசியில் "பார்த்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா" என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லும்படி இருக்க வேண்டும். காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு பூநாரையை மட்டும் போடுவது பட்டியல் இல்லை, பெருமை. காக்கை இல்லாத பட்டியலைப் பார்த்துப் பத்து வருஷம் கழித்து ஒருவர் அந்த ஏரியில் காக்கையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

எண்ணுவதற்கு: கூட்டத்தின் ஒரு ஓரத்தில் பத்தை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவு துண்டு மொத்தக் கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். வீட்டில் தட்டில் துவரம்பருப்பைக் கொட்டி ஊகித்துவிட்டுப் பிறகு எண்ணிப் பழகலாம். முதல் தடவை எல்லோரும் பாதியைத்தான் சொல்வார்கள்.

நீங்கள் போட்ட அபூர்வப் பறவைக்கு ஆதாரம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் வந்திருக்கிறது. இரண்டு தடவை நான்தான் தப்பு.

தமிழ்ல புத்தகம் இருக்கா?

க. ரத்னம் எழுதிய 'தமிழ்நாட்டுப் பறவைகள்' இருக்கிறது, நூலகத்தில் தேடிப் பாருங்கள். பறவையியலாளர் சாலிம் அலியின் ஆங்கில நூல் 'The Book of Indian Birds' 1941-ல் வந்தது, பின்னாளில் பலமுறை திருத்திப் பதிப்பித்திருக்கிறார்கள், பழைய பிரதி கிடைத்தாலும் விடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏர்லி பேர்ட் திட்டத்தின் தமிழ்க் கையேடும் சுவரொட்டியும்தான் நான் முதலில் கொடுப்பது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களைப் பற்றி: புத்தகப் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். பட்டாணி உப்புக்கொத்தி, நத்தைக்குத்தி, முக்குளிப்பான் என்பதெல்லாம் யாரோ பறவையை உட்கார்ந்து பார்த்து வைத்த பெயர்கள். உங்கள் தாத்தாவிடம் வேறு பெயர் இருக்கலாம்.

பள்ளிக்கூடம் இருக்கும்போது கணக்கெடுப்புல எப்படிக் கலந்துக்கிறது?

அதற்காகவே பொங்கல் விடுமுறையில் ஒன்று இருக்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குத் தாத்தா ஊருக்குப் போனால் அங்கேயே வயலோரம் கால்மணி நேரம் நின்று எண்ணிப் போட்டுவிடலாம், இதுவரை யாரும் எண்ணாத ஊர் என்றால் இன்னும் நல்லது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, இது 1987-ல் தொடங்கியது, பெரியவர்களோடு சேர்ந்து போக வேண்டும். பிப்ரவரியில் நான்கு நாள் உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, பள்ளி வளாகத்திலேயே செய்யலாம். அரையாண்டு விடுமுறையில் பழகிக்கொண்டால் பொங்கலுக்குத் தயார்.

அம்மா ஏரிக்குத் தனியா விடமாட்டேங்கிறாங்க அண்ணா.

அம்மா சொல்வது சரி, ஏரிக்குத் தனியாகப் போக வேண்டாம், நானும் தனியாகப் போவதில்லை. மொட்டைமாடிக்கு விடுவார்கள்தானே? எங்கள் குழுவில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வடகம் காயும் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே ஒரு சீசனில் ஐம்பத்து மூன்று வகை எழுதியிருக்கிறாள். வானத்தில் பனை உழவாரனும் தகைவிலானும் கலந்து பறக்கும்போது பிரித்துச் சொல்வதில் இப்போது அவள்தான் எங்களுக்கு வாத்தியார். காக்கையிடமிருந்து வடகத்தைக் காப்பதும் அவள் வேலை என்பதால் அம்மாவுக்கும் திருப்தி.

நான் மன்னார்ல இருந்து எழுதுறன். இங்க என்ன பாக்கலாம்?

நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். வலசைப் பாதையின் தென்கோடிப் பக்கம் உங்கள் இலங்கை. வங்காலையிலும் மன்னார்த் தீவிலும் ஊசிவால் வாத்தும் பூநாரையும் கூடும் காட்சிக்கு இங்கிருந்து ஏங்குகிறவர்கள் உண்டு.

காலில் வளையமோ கலர்க் கொடியோ இருந்தா?

படம் எடுங்கள், எந்தக் கால், எந்த நிறம், என்ன எழுத்து என்று குறியுங்கள். நிறச்சேர்க்கை எந்த இடத்தில் கட்டியது என்று சொல்லும். கோடியக்கரையில் பல்லாண்டுகளாக வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால் விவரம் கிடைக்கும்.

பறவை வெளியே வர போன்ல அதோட குரலைப் போடலாமா? கூட்டைப் படம் எடுக்கலாமா?

வேண்டாம், வேண்டாம். குரல் போட்டால் தன் இடத்தில் எதிரி புகுந்துவிட்டது என்று தின்பதை விட்டுவிட்டு அலையும். கூட்டருகே போனால் தாய் எழும், காக்கை உள்ளே பார்த்துவிடும்.

எல்லாம் எப்போ திரும்பிப் போகும்? போற நாளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மாசி, பங்குனியில். போவதற்கு முன் மஞ்சள் வாலாட்டி பளிச்சென்று நிறம் ஏறும், கருவால் மூக்கனுக்குக் கழுத்து செங்கல் நிறமாகும். வருகிற நாளைக் கண்டுபிடிப்பது சுலபம், "இன்றைக்கு முதல் தடவை" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவீர்கள். போகிற நாளை யாரும் எழுதுவதில்லை. அதனால் மார்ச் முதல் தேதியில் இருந்து ஐந்து பறவையின் பெயரை மட்டும் நோட்டில் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் "உண்டு", "இல்லை" என்று நிரப்புங்கள். தொடர்ந்து மூன்று வாரம் "இல்லை" வந்தால், அதற்கு முந்தைய "உண்டு" எந்தத் தேதியோ அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். போன வருஷம் எங்கள் மதகுப் படியில் வாலாட்டிக்கு அது ஏப்ரல் 6.